மண்ணுக்குள் இருக்கும் இரும்பின் களைப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடல் காற்றாலை ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு 'டிஜிட்டல் இரட்டை' வைத்துப் பராமரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது அழகான முப்பரிமாணப் படம்தானே? சென்சார் பொருத்தி, சூடு ஏறினால் மணி அடிக்கும்படி செய்தால் போதாதா?

– ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

படம் மட்டும் என்றால் உங்கள் கேள்வி நியாயமானது. இரட்டை என்று நான் சொல்வது, குறிப்பிட்ட ஒரு காற்றாலையின் உடல்நிலையை அதன் சென்சார் அளவுகளிலிருந்தே இடைவிடாமல் போட்டுவரும் கணக்கை.

ஒரு பேரிங் 58 டிகிரி சூட்டில் இருக்கிறது, எச்சரிக்கை வரம்பு 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்காது. ஆனால் இன்றைய காற்றுக்கும் குளிருக்கும் அது 51தான் இருக்க வேண்டும் என்று இரட்டை சொல்கிறது. அந்த 7 டிகிரி வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால், தேய்மானம் தொடங்கியிருக்கலாம். நிலத்தில் என்றால் ஜீப்பில் போய்ப் பார்த்துவிடலாம். ஐரோப்பாவின் வட கடலில் படகின் மூக்கைக் காற்றாலைத் தூணோடு அழுத்தி நிறுத்தி, அலை எழும் கணம் பார்த்து ஏணியைப் பற்ற வேண்டும். அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் சிறு படகுகள் பெரும்பாலும் கிளம்புவதில்லை. குளிர்காலத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

என்னை இதில் மிகவும் ஈர்த்தது வேறொன்று. கடலடியில் அறைந்து இறக்கிய எஃகுத் தூணை காற்றும் அலையும் ஓயாமல் வளைக்கின்றன. வளைவு மிகுதியாக இருப்பது கடலடி மண்ணுக்குச் சற்றுக் கீழே. அங்கே சென்சார் வைத்தாலும், தூணைச் சம்மட்டி அடிக்கும் அதிர்ச்சியிலேயே பழுதாகிவிடும் அபாயம் உண்டு. ஆகவே மேலே கோபுரம் எப்படி ஆடுகிறது என்று அளந்து, கீழே எஃகு எவ்வளவு களைத்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். 25 ஆண்டுக்கென்று கட்டிய தூண் இன்னும் சில ஆண்டுகள் தாங்குமா என்ற முடிவுக்கு இந்தக் கணக்கு பெரிய துணை.

முன்கூட்டி அறிவதன் மதிப்புக்கு ஸ்காட்லாந்தின் ஹைவிண்ட் கடல் காற்றாலைப் பண்ணை நல்ல சான்று. 2017 முதல் அங்கே 5 மிதக்கும் காற்றாலைகள் இயங்குகின்றன. பெரிய பராமரிப்பு தேவை என்பதை இயக்கத் தரவுகள் காட்டின. 2024 கோடையில் அவற்றை நார்வேக்கு இழுத்துச் சென்று பழுதுபார்த்தார்கள். கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் செய்ய வேண்டிய வேலை அது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தூணைச் சுற்றி நீரோட்டம் மணலை அரித்தால் ஆட்டத்தின் வேகம் மாறும். பழைய மண்மட்டத்தை நம்பும் இரட்டை தவறாகச் சொல்லும். மேலே ஏறி, பேரிங் கிரீசை விரலில் தேய்த்து, இரும்புத் துகள் நெருடுகிறதா என்று பார்க்கும் தொழிலாளியின் குறிப்பு அந்தக் கணக்கில் திரும்பச் சேர வேண்டும். அதைச் சேர்க்காமல் ஆட்களைக் குறைக்கும் நிறுவனத்தின் இரட்டையை நான் நம்பமாட்டேன்.

அன்புடன்.