வாசகர் கேள்வி – பதில்: ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

கேள்வி: ஐயா, நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவள். சேலத்தில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வாரத்தில் நான்கு மாலைகள் கன்னங்குறிச்சியில் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்லித் தருகிறேன். ஞாயிறு காலை மூன்று மணி நேரம் மூக்கனேரியில் குப்பை அகற்றும் குழுவோடு இருக்கிறேன். ஆய்வேட்டு வேலையும் தொடங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சற்று நேரம் சும்மா உட்கார்ந்தாலும் யாரையோ ஏமாற்றுவதுபோல் உறுத்துகிறது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?
– முதுநிலை மாணவி, சேலம்

பதில்: ஏரி வேலையை மாதம் ஒரு முறையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை விட வேண்டாம். ஆனால் நான்கு மாலைகளை இரண்டாக்குங்கள்.

மூக்கனேரி பலருடைய கைகள் சேர்ந்ததால் மீண்ட ஏரி. தூர் வாரிய மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாகக் குவித்து, அவற்றில் மரங்களை நட்டு வளர்த்தவர்கள் ஊர் மக்கள்தாம். அத்தகைய வேலையில் ஒரு ஞாயிறு நீங்கள் வராவிட்டால் உங்கள் சாக்கை இன்னொருவர் நிரப்பிவிடுவார். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் திணறிக்கொண்டிருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நிலைமை அப்படியல்ல. அந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். ஆள் மாறினால் பாடம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். எனவே ஆள் மாறினாலும் நடக்கும் வேலையைக் குறைத்து, உங்களை நம்பியிருக்கும் வேலையை வைத்துக்கொள்வதுதான் முறை.

அந்த வேலையையும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. விடுதியில் இளநிலை மாணவி ஒருவரைப் பிடித்து, முதல் சில வாரங்கள் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறதா, வாய்பாடு எதுவரை வந்திருக்கிறது, எந்தக் கணக்கில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நீங்கள் போக முடியாத மாலையில் அந்த நோட்டைப் பார்த்து அவர் பாடத்தைத் தொடரலாம்.

இவ்வளவு குறைக்கலாமா என்று மனம் உறுத்தினால், நாட்டு நலப்பணித் திட்டத்தின் அளவுகோலைப் பாருங்கள். 1969இல் தொடங்கிய அந்தத் திட்டம், மாணவர் ஒருவரிடம் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டையே எதிர்பார்க்கிறது. ஏழு நாள் சிறப்பு முகாம் தனிக்கணக்கு. வாரக் கணக்கில் அது இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. நீங்களோ போக்குவரத்தைச் சேர்க்காமலே வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் கொடுக்கிறீர்கள். இரண்டு மாலைகளாகக் குறைத்தாலும் திட்டம் கேட்பதைவிடக் கூடுதலாகவே செய்வீர்கள்.

படிப்பில் எந்த வேலை காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதை உங்கள் துறையே உங்களுக்குக் கற்பித்திருக்கும். சேகரித்த செடியைச் செய்தித்தாள்களுக்கு இடையே அழுத்தி வைத்த பின், முதல் சில நாட்களுக்குத் தாளை நாள்தோறும் மாற்றியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் ஒரு நாள் அசந்தாலும் பூஞ்சை படிந்து இலை கறுத்துவிடும். பிறகு உலர்தாவரத் தாளில் ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகையால் சேகரிப்பு நடக்கும் வாரத்தில் வேறு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த வாரத்து மாலை வகுப்புகளை இளநிலை மாணவி பார்த்துக்கொள்ளட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை உங்கள் சொந்த ஊராகவும் ஆய்வுக்களமாகவும் இருப்பதால், வீட்டுக்குப் போகும்போதே நாலு செடியைப் பறித்து வந்துவிடலாம் என்று தோன்றும். காப்புக்காட்டில் சேகரிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, அப்படிப் போனால் வீட்டிலும் இருந்ததாகாது, களப்பணியும் ஒழுங்காக முடியாது. களப்பணிக்கு நெறியாளரிடம் சொல்லி வார நாளில் தனியாகப் போய் வாருங்கள்.

உங்கள் உறுத்தலுக்குக் காரணம் சோம்பல் அன்று. வகுப்புக்குக் கால அட்டவணை இருக்கிறது, பிள்ளைகளுக்கு வருகைப் பதிவேடு இருக்கிறது. உங்கள் ஓய்வு மட்டும் எங்கும் எழுதப்படாததால் கேட்டவருக்கெல்லாம் போய்விடுகிறது. கல்லூரிப் பருவம் தொடங்கும்போதே வீட்டுக்குப் போவதற்கென்று மாதத்தில் இரண்டு சனி மாலைகளைக் குறித்துவிட்டு, மற்றவற்றை அதற்குப் பிறகு நிரப்புங்கள். ஏரிக்குப் போகும் ஞாயிறு மற்ற வாரங்களில் அமையட்டும். ஞாயிறு மாலை ஏற்காட்டிலிருந்து இறங்கும் பேருந்துகளில் சுற்றுலாக் கூட்டம் நெருக்கும் என்பதால், முடிந்தால் திங்கள் விடியலில் இறங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் புத்தகத்தைத் திறந்தாலே தலை சுற்றும். எனவே பயண நேரத்தில் படிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். அப்போது அம்மாவோடு தோட்டத்துக்குப் போகாமல் உங்களால் வீட்டில் இருக்க முடியாது. போங்கள், ஆனால் அதை ஓய்வுக் கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி: தேர்வு நேரத்தில் தன்னார்வக் குழுவிடம் ‘வர இயலாது’ என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எப்படிச் சொல்வது?
– எம்.காம். மாணவர், கருப்பூர்

பதில்: தேர்வு வந்த பிறகு சொல்வதால்தான் தயக்கம் வருகிறது. அகமதிப்பீட்டுத் தேர்வு, பருவத் தேர்வு ஆகியவற்றின் தேதிகள் தெரிந்தவுடனே ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தத் தேதியிலிருந்து வரமாட்டீர்கள், எந்தத் தேதியில் திரும்புவீர்கள் என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். ‘பார்க்கிறேன் அண்ணா’ என்ற பதிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதை நம்பி அவர் வேறு ஆளைத் தேடாமல் இருந்துவிடுவார்.