இரவல் லாரிக்கு யார் கிரீஸ் வைப்பது?

ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற கணியம்பாடிப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, என் மருமகன் டெக்சாஸில் இருக்கிறார். புயல் வந்தால் அங்கே மாநில கவர்னரே ராணுவ லாரிகளை இறக்கிவிடுகிறாராம். அந்த லாரிகளைப் பராமரிக்கிற பணத்துக்காக ஒரு மசோதாகூட வந்ததாம். மாநிலத்துக்கு ஏது ராணுவம்? லாரி கெட்டால் யார் செலவு?
— வாசகர், குடியாத்தம்

பதில்: மருமகன் சொன்னது சரிதான். நேஷனல் கார்டு, அதாவது தேசியக் காவல் படை, என்று பெயர். சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே மாதத்தில் ஒரு சனி ஞாயிறும், வருஷத்தில் இரண்டு வாரமும் பயிற்சிக்குப் போகிற ஆட்கள். சாதாரண நாளில் கவர்னர் சொல்கேட்டு நடப்பார்கள். ஜனாதிபதி அழைத்துவிட்டால் மத்திய ராணுவத்தோடு சேர்ந்துவிடுவார்கள். அங்கே கவர்னர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் மாதிரி, ஓட்டு வாங்கி வந்தவர். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலில் ஹூஸ்டன் முழுகியபோது டெக்சாஸ் கவர்னர் தன் மாநில கார்டு ஆட்கள் சுமார் 12,000 பேரையும் அழைத்தார். இடுப்பளவுத் தண்ணீரில் போனது அவர்களின் உயரமான லாரிகள்தான்.

ஆனால் ஆள் கவர்னர் பேச்சைக் கேட்டாலும் லாரி மத்திய அரசின் சொத்து. 1792-ல் போட்ட சட்டப்படி, இந்தக் கார்டுக்கு முன்னோடியான மாநிலப் படையில் ஒவ்வொருவனும் தன் துப்பாக்கியைத் தானே வாங்கி வர வேண்டியிருந்தது. அது சரிப்படாமல் 1808-ல் ஆயுதத்துக்கென்று வருஷம் 2 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். 1903-க்குப் பிறகு மத்தியப் பணமும் சாமானும் நிறைய வந்தன. எத்தனை வருஷம் மாநிலத்தின் ஷெட்டில் நின்றாலும் சாமான் மத்திய அரசுக்குத்தான் சொந்தம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

அதனால் மாநிலம் தன் வேலைக்கு எடுத்தால் ஆட்களின் சம்பளமும் அதன் தலையில், டீசலும் தேய்மானமும் அதன் தலையில். ஜனாதிபதி பேரிடர் என்று அறிவித்தால் தகுதியான செலவில் குறைந்தது 75 சதவீதத்தை மத்திய அரசு மாநிலத்துக்குத் திருப்பித் தரும். இதுவரைக்கும் நியாயம்தான். சிக்கல் அடுத்த படியில். மாநிலம் ஒழுங்காகக் கட்டுகிற பணம் லாரியை ரிப்பேர் பார்த்த ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமல் மத்தியக் கஜானாவுக்குப் போய்விடும். அரசுக்கு வருகிற பணம், வேறு சட்டம் இல்லாவிட்டால், பொதுக் கஜானாவில்தான் விழ வேண்டும் என்பது அங்கத்திய பழைய விதி. உங்கள் மருமகன் சொன்ன மசோதா, அந்தப் பணம் நேராக கார்டின் கணக்குக்கே திரும்பட்டும் என்கிறது.

எங்கள் தெருவில் இந்தக் கதை முன்பே நடந்திருக்கிறது. கல்யாணம் காதுகுத்துக்கு இரவல் தரப் பொதுவாக நாலு பித்தளை அண்டா இருந்தது. எடுக்கிறவர்கள் வாடகை கொடுத்தார்கள், விளக்கித்தான் திருப்பினார்கள். வாடகை கோயில் கணக்கில் சேர்ந்தது. ஈயம் பூசுகிறவர் வந்து நின்றால் அவருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. கோயில் பணத்தைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் அண்டாவில் புளிக்குழம்பு வைக்க முடியாமல் போய், பரணில் ஏற்றிவிட்டோம். வாடகை கொடுத்தவன் மேல் என்ன தப்பு?

என் சர்வீஸில் வடக்கே ஒரு மாவட்டத்தில், பெயர் வேண்டாம், வெள்ளத்துக்கு எங்கள் ஸ்டாலியன் லாரிகள் நான்கு நாள் தண்ணீரில் ஓடின. டீசல் சீட்டில் உடனே கையெழுத்து கிடைத்தது. வண்டி திரும்பியதும் ஆக்ஸிலைத் திறந்தேன். ஆயில் மோர் மாதிரி வெளுத்து வழிந்தது. வீல் பேரிங்கில் கிரீஸுக்குப் பதில் சேறு, பிரேக் டிரம்மில் மணல். ஆயில், கிரீஸ், சீல், லைனிங் எல்லாம் மாற்ற வேண்டும். அதைக் கேட்டபோது, “அது உங்க மெயின்டனன்ஸ்ங்க” என்று பதில் வந்தது. ஓட்டின கிலோமீட்டர் கார் டைரியில் ஏறும். தண்ணீரில் நின்ற மணிநேரம் எதிலும் ஏறாது. அந்த மசோதாவை நான் ஆதரிப்பது இதனால்தான். ரிப்பேர் பார்க்கிறவன் கைக்குப் பணம் வராத வரை எந்தக் கணக்கும் எனக்குக் கணக்கில்லை.

பணம் தாமதமானாலும் இதே கதைதான். 2021-ல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தைக் காவல் காத்த செலவு 52 கோடி டாலருக்கு மேல். அது திரும்பி வர ஜூலை கடைசி ஆகிவிட்டது. அதற்குள் பயிற்சியையும் பராமரிப்பையும் நிறுத்த வேண்டியிருக்கும் என்று கார்டு அதிகாரிகள் கையைப் பிசைந்தார்கள்.

கேள்வி: நம் நாட்டில் வெள்ளத்துக்கு ஹெலிகாப்டர் வந்தால் மாநிலத்துக்கு பில் வருமா?
— வாசகர், ஆற்காடு

பதில்: வரும். 2024 ஜூலை 30-ல் வயநாடு நிலச்சரிவு. அதையும் முந்தைய சில மீட்புப் பணிகளையும் சேர்த்து 132 கோடி ரூபாய்க்கு மேல் கட்டச் சொல்லி அந்த வருஷக் கடைசியில் கேரளத்துக்குக் கடிதம் போனது. பெரிய சண்டையானது. பிணம் தூக்கிய கணக்குக்கு பில்லா என்று கேட்பவர்கள் பக்கம்தான் என் மனசும். ஆனால் பறந்த ஒவ்வொரு மணிநேரத்துக்கும் என்ஜின் ஆயுள் குறைகிறது, அதுவும் நிஜம். டெல்லி தன் பையிலிருந்தே ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்துவிட்டு, மாநிலத்தை விட்டுவிடலாம்.

2021 நவம்பரில் நம் பாலாறு கரைபுரண்டபோது பார்த்தோமே, அந்த மாதிரி நேரத்துக்கு நமக்குப் பக்கத்தில் அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நாலாவது பட்டாலியன் இருக்கிறது. அது மத்தியப் படை. மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய அரசு 75, தமிழ்நாடு 25. அதில் பத்தில் ஒரு பங்கை முன்னேற்பாட்டுக்கும் திறன் வளர்ப்புக்கும் ஒதுக்கச் சொன்னது 15-வது நிதிக் கமிஷன். படகு வாங்குகிற படம் பேப்பரில் வரும். அந்தப் படகு மோட்டாருக்கு சர்வீஸ் பண்ணுகிற படம் வந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: என் வீட்டுக்காரர் மிலிட்டரியில் எம்.டி. டிரைவர். வாரத்தில் ஒரு நாள் ‘மெயின்டனன்ஸ் பரேட்’ என்று போனையே எடுப்பதில்லை. ஓடாத வண்டிக்குக்கூட என்னதான் செய்கிறார்கள்?
— வாசகி, காட்பாடி

பதில்: அம்மா, ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிக்குத்தான் வேலை அதிகம். பேட்டரி இறங்கும், டயர் ஒரே பக்கம் அழுந்தி சப்பையாகும், ரப்பர் சீல் காய்ந்து வெடிக்கும், டேங்கில் தண்ணீர் சேரும். அதனால் ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச தூரம் ஓட்டி, காற்று பார்த்து, நிப்பிள் நிப்பிளாக கிரீஸ் அடிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் வீட்டு ஸ்கூட்டரை ஆறு மாதம் மூடி வைத்துவிட்டுக் கிக்கரை மிதித்துப் பாருங்கள். அப்புறம், போனைச் சாயங்காலம் போடுங்கள், எடுப்பார்.