தேக்கு நிலையும் கோட்டிலிருந்து விலகும் வாளும் (கடிதம்)

வணக்கம் அண்ணா,

கொட்டாஞ்சேனையில் அம்மம்மாவின் பழைய வீட்டைத் திருத்தியபோது கழற்றிய தேக்குக் கதவு நிலைகளை எறிய மனமில்லாமல் தெஹிவளைக்குக் கொண்டுவந்து கராஜில் அடுக்கி வைத்திருக்கிறேன். அவற்றில் ஒரு புத்தக அலுமாரி செய்ய ஆசை. பழைய சோனகத் தெருவில் மரம் அறுக்கும் கைவாள் ஒன்று வாங்கினேன். குறுக்கே அறுக்கும்போது நன்றாகப் போகிறது. ஆனால் நிலையை நீளவாட்டில் பிளக்கப் பார்த்தால் கை ஓய்ந்துவிடுகிறது, வாளும் போட்ட கோட்டிலிருந்து விலகுகிறது. கடைக்காரர் 4 அங்குல கிரைண்டரில் (இரும்பு தேய்க்கிற கை மெஷின்) மரம் வெட்டும் பிளேட் போட்டால் சுலபம் என்கிறார். வாங்கலாமா? இல்லை, இன்னும் விலைகூடிய வாள் வாங்க வேண்டுமா?

ஒரு வாசகி, தெஹிவளை

அன்புத் தங்கைக்கு,

முதலில் கிரைண்டர். தயவுசெய்து வாங்காதீர்கள், அதாவது மரம் அறுப்பதற்காக வாங்காதீர்கள். கொழும்பில் கட்டட வேலை நடக்கிற இடங்களில் பல் வைத்த பிளேட்டை கிரைண்டரில் மாட்டி அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள், பார்த்துப் பழகியதால் அது சரி என்று ஆகிவிடாது. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 தடவை சுற்றும், கணக்குப் போட்டால் பல்லின் வேகம் நொடிக்கு 55 மீட்டரைத் தாண்டும். மின்சார வட்டவாளிலும் ஏறக்குறைய இதே வேகம்தான், ஆகவே ஆபத்து வேகத்தில் மட்டும் இல்லை. வட்டவாளுக்கு மரத்தின் மேல் பதிந்து நிற்கிற அடித்தட்டு இருக்கிறது, அறுத்து எடுத்த உடனே பல்லைத் தானாக மூடிக்கொள்கிற உறை இருக்கிறது. கிரைண்டரில் இரண்டும் இல்லை. கிரைண்டரின் வழக்கமான தேய்க்கும் தட்டு உரசும், பல் வைத்த பிளேட்டோ கடிக்கும். ஒரு கணுவிலோ ஆணியிலோ கடித்து மாட்டிக்கொண்டால் மெஷின் முழுவதும் உங்களை நோக்கித் திரும்பும். பல மலிவான கிரைண்டர்களில் சுவிட்ச் தள்ளிவிட்டால் அப்படியே நிற்கும் வகை, கையிலிருந்து நழுவினாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இவ்வளவுக்கும் அது ஒரு அங்குலச் சொச்ச ஆழம்தான் வெட்டும், உங்கள் நிலை நிச்சயம் அதைவிடத் தடிப்பாக இருக்கும்.

சரி, இப்போது வாள். நீங்கள் வாங்கியது கெட்ட வாள் இல்லை, விலைகூடியதை வாங்கினாலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் கடைகளில் தொங்குகிற கைவாள்களில் பெரும்பாலானவை குறுக்கே அறுக்கப் பல் தீட்டியவை. நாருக்குக் குறுக்கே போகும் பல்லைப் பக்கவாட்டில் சாய்வாகத் தீட்டி கத்தி முனை மாதிரி ஆக்கியிருப்பார்கள், அது நாரை இரண்டு பக்கமும் கீறி வெட்டிக்கொண்டு போகும். நாரோட்டத்தோடு பிளக்க வேண்டிய பல் வேறு. அதன் முன்பக்கம் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக நிற்கும், முனை தட்டையாக இருக்கும், ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி உளியாக மரத்தைச் சீவி எடுக்கும். பற்களுக்கு நடுவே இடமும் அதிகம் வேண்டும், நீளவாட்டில் வருகிற தூள் அவ்வளவு. அங்குலத்துக்கு 8 பல் வாளில் அந்தத் தூள் அடைத்துக்கொள்ளும், வாள் மேலே மிதக்கும், நீங்கள் அழுத்துவீர்கள், அழுத்தினால் விலகும். பிளப்பதற்கு அங்குலத்துக்கு 5 பல் அளவு சரியாக இருக்கும்.

விலகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்று வளைத்திருப்பார்கள், வாளின் தகடு மரத்தில் இறுகாமல் ஓடத்தான் அது. ஒரு பக்கப் பற்கள் மழுங்கினால் வாள் கூரான பக்கம் இழுத்துக்கொண்டு போகும். தேக்கில் சிலிக்கா (மணலில் இருக்கிற அதே பொருள்) இருக்கிறது, பல்லை மிக விரைவாக மழுங்கச் செய்யும். ஆணியும் பட்டிருந்தால் சொல்ல வேண்டியதே இல்லை.

உங்கள் வாளின் பல் முனையைப் பாருங்கள். நீலம் கலந்த கறுப்பாக இருந்தால் அது சூடேற்றிக் கடினமாக்கிய பல், நெடுநாள் கூர் நிற்கும், ஆனால் அரம் அதில் ஏறாது, மழுங்கினால் தீட்ட வழியில்லை. (அப்போதும் எறியாதீர்கள், அந்தத் தகட்டை வெட்டி மரம் சுரண்டும் தகடாக வைத்துக்கொள்ளலாம்.) அதைக் குறுக்கே அறுக்க மட்டும் வைத்துக்கொண்டு, முனை கறுக்காத, தீட்டக்கூடிய பெரிய பல் வாள் ஒன்று தேடுங்கள், பழையதானாலும் பரவாயில்லை. ஒரு முக்கோண அரமும் வாங்கி, மொறட்டுவைப் பக்கம் கைவாள் தீட்டுகிற தச்சுப் பாஸ் யாரையாவது கேட்டு, பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுங்கள். இரண்டு வகைப் பற்களில் பிளக்கும் பல்லைத் தீட்டுவதுதான் சுலபம், அரத்தை வாளுக்கு நேர்க்குறுக்காக வைத்துத் தள்ளினால் போதும். இதைக் கற்றுக்கொண்டால் உங்கள் பட்டறை எந்தக் கடைக்காரரையும் நம்பி இருக்காது. கருவிக்குக் காசு போடுவதற்கு முன் கூருக்குப் போடுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன், உங்களிடமும்தான்.

அறுக்கும்போது கோட்டை ஒரு பக்கம் மட்டும் போடாமல் முனையிலும் பின்பக்கத்திலும் போட்டு, இடைக்கிடை திருப்பிப் பாருங்கள். பிளக்கும்போது வாள் மரத்துக்கு 60 பாகை அளவு நிமிர்ந்திருக்கட்டும், குறுக்கே என்றால் 45. தகட்டில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள். அறுத்த தடம் மூடினால் ஒரு ஆப்பைச் செருகுங்கள்.

அப்புறம், நீளமான நிலைகள் எல்லாவற்றையும் கையால் பிளக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மர மில்லில் கொடுத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் ஆணி இருக்கிற பழைய மரத்தை மில்காரர்கள் தொட விரும்பமாட்டார்கள், அவர்கள் பிளேட் ஒன்று போனால் உங்கள் கூலியைவிட அது அதிகம். அதனால் முதல் வேலை ஆணி. பலமான காந்தம் ஒன்றை எல்லாப் பக்கமும் மெதுவாக நகர்த்துங்கள், மரம் வட்டமாகக் கறுத்த இடத்தில் இரண்டு தடவை. தலை உடைந்து உள்ளே நிற்பதைச் சுற்றித் தோண்டி எடுங்கள். வராததை இரும்பு அறுக்கும் வாளால் வெட்டுங்கள், அதற்கு அங்குலத்துக்கு 24 அல்லது 32 பல் உள்ள பிளேட் வேண்டும், பல் முன்னோக்கி இருக்கும்படி பூட்டுங்கள். வெட்டுகிற இரும்பின் மேல் எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது படிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் உடையும். யாராவது ஜப்பானிய இழுவாள் வாங்கச் சொன்னால், அருமையான கருவி, ஆனால் அந்த மெல்லிய பற்கள் ஒரு ஆணியைத் தாங்காது, புது மரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எப்போதாவது மெஷின்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் 7¼ அங்குல வட்டவாள் வாங்குங்கள், பிளக்க 24 பல் பிளேட், ப்ளைவுட்டுக்கும் குறுக்கு வெட்டுக்கும் 40 அல்லது அதற்கு மேல். பிளேட்டில் அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்று மெஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்கிறதா, நடுத் துளை பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். 

தெஹிவளைக் கடற்காற்றில் எந்த இரும்பும் துருப்பிடிக்கும், வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் துணியில் தொட்டுத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை. நிலைகளில் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அதை மணற்தாள் போட்டுத் தேய்த்துத் தூளாக்கவோ சுடவைத்து எடுக்கவோ வேண்டாம். ஈரமாக்கிச் சுரண்டி, விழுவதைத் தாளில் சேர்த்துக் கட்டி அகற்றுங்கள். முகக்கவசம் போடுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த வேலை முடியும்வரை கராஜுக்குள் விடாதீர்கள்.