பாட்டிலில் பிடித்த தண்ணீர் சாட்சி ஆகாது

கேள்வி: பாபநாசம் வட்டத்தில் எங்கள் பாசன வாய்க்காலில் ஒரு நவீன அரிசி ஆலை கழிவுநீரை விடுகிறது. நாற்றங்கால் கருகிவிட்டது. ஐயாயிரம் கொடுத்தால் ஆய்வுக்கூடச் சான்றும் இழப்பீடும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் பிடித்துக் கொடுக்கும் தண்ணீருக்கு எந்தக் கூடம் சான்று தந்தாலும், 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் அது முறையான மாதிரி ஆகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் எடுத்து, இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டதே மாதிரி என்கிறது 21ஆம் பிரிவு. சான்று விற்பவருக்கு இது நன்றாகவே தெரியும். உங்கள் மனுதான் அவருடைய முதலீடு. அதைக் காட்டி ஆலையின் பின்வாசலில் வசூலித்துக்கொண்டு, புகார் சமரசமாக முடிந்ததென்று எழுதிக் கொடுத்துவிடுவார். என் பணிக்காலத்தில் இப்படி முடிந்த கோப்புகள் பல.

‘ஆலையில் ஆளில்லை, மாதிரி எடுக்க இயலவில்லை’ என்று அலுவலர் எழுதினால் ஏற்காதீர்கள். ஆலைக்காரர் வேண்டுமென்றே வராமலிருந்தால், அலுவலர் தாமே முத்திரையிட்டுக் கையெழுத்திட்டு, அந்த விவரத்தையும் எழுதி ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆளில்லாமை அலுவலருக்குச் சாக்கு ஆகாது. ஆலைக்காரருக்குக் கேடயமும் ஆகாது.

மாதிரியை வாய்க்காலின் நடுவில் அல்ல, ஆலையின் வெளியேற்றுக் குழாயிலேயே எடுக்கச் சொல்லுங்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்காலில் எல்லாம் கரைந்து நல்ல நீராகத் தெரியும். நெல் ஊறிய நீர் தன்னளவில் நஞ்சல்ல; அது புளித்து அழுகும்போது தண்ணீரிலுள்ள உயிர்வளியை (ஆக்சிஜனை) உறிஞ்சிவிடுவதால்தான் மீன் செத்து மிதக்கிறது, நாற்றின் வேரும் மூச்சுமுட்டுகிறது. இதை அளப்பதற்கே உயிர்வேதியியல் உயிர்வளித் தேவை என்றொரு கணக்கு உண்டு. நீர்நிலையில் விடும் கழிவுக்கு இந்தத் தேவையின் பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம்.

முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, வாரியம் அந்த ஆலைக்குக் கொடுத்த இசைவாணையின் நகலைக் கேளுங்கள். கழிவுநீரை எவ்வளவு, எங்கே விடலாம் என்பது அதில் இருக்கும். உங்கள் வாய்க்கால் அதில் இல்லையென்றால் பாதி வழக்கு முடிந்தது. பிறகு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குக் கழிவு திறந்துவிடும் நாளையும் நேரத்தையும் குறித்துப் பதிவுத் தபாலில் மனு அனுப்பி, நகலை ஆட்சியருக்கும் அனுப்புங்கள். வாய்க்கால் நீர்வளத்துறையுடையது, கழிவு வாரியத்துடையது, பயிர் வேளாண்துறையுடையது என்று மூன்று மேசைகளும் உங்களைத் திருப்பி அனுப்பும்; ஒவ்வொரு மேசையிலும் ஒப்புகைச் சீட்டில்லாமல் எழாதீர்கள். இழப்பீட்டுக்குச் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின், சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்கு நீங்களே நேரில் போகலாம். அதற்கு 5 ஆண்டுகள் அவகாசம் உண்டு.