ஷார்ஜாவில் வைத்த காஃப் கன்று ஏன் உயரவில்லை?

வணக்கம். வாசலில் வைத்த காஃப் கன்று ஒரு வருடமாக அப்படியே நிற்கிறது, தினமும் தண்ணீர் ஊற்றியும் பலனில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பிடுங்கிவிடாதீர்கள். நம் ஊர் வன்னி மரம்தான் அது.

ஆண்டுக்குச் சுமார் 100 மி.மீ. மழையே பெய்யும் இடத்தில் மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் கன்று முதலில் ஆணிவேரைத்தான் கீழே இறக்கும். முதிர்ந்த மரத்துக்கு வேர் 30 மீட்டர்கூடப் போகும். கடும் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொள்வதால் நீர் மிச்சமாகும், வளர்ச்சியும் குறையும்.

தினமும் கொஞ்சமாக ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். சில நாள் இடைவெளி விட்டு, ஆழத்துக்கு இறங்கும்படி மாலையில் நிறைய ஊற்றுங்கள். அப்புறம், கன்று நெடுநாள் தொட்டியில் இருந்ததா? வேர் சுருண்டிருந்தாலும் இப்படி நிற்கும்.