தொட்டுப் பார்த்து வாங்குங்கள்: பழைய பைக் கேள்வி-பதில்

கேள்வி: இருபது ஆண்டு பழைய பைக் ஒன்றை வாங்கினேன். விற்றவர் வீட்டில் முதல் உதையிலேயே கிளம்பியது. என் வீட்டில் காலையில் கால்மணி நேரம் உதைத்தாலும் கிளம்புவதில்லை. நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்தத் தந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வாங்க வருபவர் வாசலுக்கு வருவதற்கு முன்பே என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்துவிடுகிறார்கள். சூடான என்ஜின் பாதிக் குறைகளை மறைத்துவிடும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப உதவும் சோக் வேலை செய்யாதது தெரியாது, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான சிறிய ஜெட் அடைபட்டிருப்பது தெரியாது. ஆயில் உள்ளே கசியாமல் தடுக்கும் வால்வு சீல் தேய்ந்திருந்தால், இரவெல்லாம் நின்ற வண்டியைக் கிளப்பும்போதுதான் சைலன்சரிலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று வரும். சற்று நேரம் ஓடிய பிறகு அதுவும் அடங்கிவிடும். ஆகவே பழைய பைக் பார்க்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், "ஆறட்டும், பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். அதற்கு முகம் சுளிக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பிளக்கை மாற்றுங்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சிறிய ஜெட்டை அதற்குரிய ஸ்பிரேயால் சுத்தம் செய்யுங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் அதோடு போயிற்று. அதற்கும் கிளம்பவில்லையென்றால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளந்து, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைப் பாருங்கள்.

கேள்வி: டயரில் பட்டன் தேயவே இல்லை. பக்கவாட்டில் 1109 என்று பொறித்திருக்கிறது. இன்னும் சில காலம் ஓட்டலாமா?

பதில்: அது 2009-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் செய்த டயர், இன்றே கழற்றுங்கள்.

கேள்வி: ஓராண்டில் மூன்று பேட்டரி மாற்றிவிட்டேன். நான்காவதாக எந்த பேட்டரி வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். மூன்று பேட்டரி வாங்கிய நீங்கள் ஒரு மல்டிமீட்டர் வாங்கி ஒருமுறையாவது அளந்திருக்க வேண்டாமா? முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 காட்டும். என்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைச் சற்று முறுக்கினால் 13.5-லிருந்து 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. அதுதான் உங்கள் பேட்டரிகளை வேகவைத்துக் கொன்றிருக்கும். எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் எர்த் வயரும் கனெக்டர்களும் பச்சை பூத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல பழைய வண்டிகளில் குறை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கேள்வி: என்ஜின் எண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி பொறித்தது போலத் தெரிகிறது. விலை மிகவும் குறைவு, முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

பதில்: அது திருட்டு வண்டியாக இருக்கலாம். முன்பணம் போனாலும் போகட்டும், அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

கேள்வி: பழைய பைக்கை வீட்டிலேயே சரிசெய்யப் போகிறேன். முதலில் பெயின்ட் அடிக்கலாமா, சீட் மாற்றலாமா?

பதில்: இரண்டும் கடைசி வேலை. பளபளக்கும் டேங்கை நம்பி நானும் ஒரு வண்டி வாங்கினேன். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. உள்ளே முழுக்கத் துரு. அந்தத் துரு கார்புரேட்டரில் இறங்கி நடுவழியில் என்னை நான்கு முறை நிறுத்தியது. அதைவிட மோசம் முன் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டதில் பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தது. அவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தவர் அதை ஒருமுறைகூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

எனவே பிரேக்கில் தொடங்குங்கள். அடுத்து டயர், வீல் பேரிங், ஹேண்டில் பேரிங். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் எங்காவது தட்டி நின்றால் அந்த பேரிங்கை மாற்ற வேண்டும். செயினை மாற்றினால் அது ஓடும் பல்சக்கரங்களான இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினை விரைவில் தின்றுவிடும். வண்டி நிற்கவும் நேராக ஓடவும் கற்றுக்கொண்ட பிறகு வேகத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: காருக்கு வாங்கிய என்ஜின் ஆயில் மீதம் இருக்கிறது. பைக்கில் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் நனைந்திருக்கிறது. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருப்பதால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்ற பைக் ஆயிலுக்கான தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.