முயலின் தாடை நனைந்திருக்கிறதா? கடைவாயையும் பார்க்கச் சொல்லுங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மாடி வீட்டில் மூன்று வயது வெள்ளை முயல் வளர்க்கிறோம். ஒரு வாரமாகத் தீவனத்தை வாயில் எடுத்துக் கீழே போட்டுவிடுகிறது. தாடை ஈரமாகவே இருக்கிறது. முன்பல் நீண்டு வளைந்துவிட்டது. நகவெட்டியால் நறுக்கிவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கேரட், பிரெட், பெல்லட் எனும் குச்சித் தீவனம்தான் கொடுக்கிறோம். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் அந்த நகவெட்டியை எடுத்து வைத்துவிடுங்கள். முயல் பல்லை நறுக்கினால் நீளவாக்கில் வேர்வரை விரிசல் விடும். அதன் வழியே கிருமி இறங்கித் தாடையில் சீழ் கட்டும். முயலின் சீழ் தயிர்க்கட்டி மாதிரி கெட்டியாக இருக்கும், கீறிவிட்டாலும் லேசில் வடியாது. பல்லை மருத்துவர் சுழலும் கருவியால் ராவிவிட வேண்டும்.

முயலுக்கு 28 பற்கள். எல்லாமே ஆயுள் முழுக்க வளர்பவை. முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். உங்கள் கண்ணுக்குத் தெரிவது முன்பல்தான். ஆனால் நீங்கள் சொல்லும் நனைந்த தாடையும், எடுத்த தீவனத்தைக் கீழே போடுவதும் கடைவாய்ப் பல்லைத்தான் நினைக்க வைக்கின்றன. அங்கே பல் ஓரம் ஊசியாக வளர்ந்து நாக்கையோ கன்னத்தையோ குத்தும். பசி இருக்கும், மெல்ல முடியாது. முன்கால்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். வாயைத் துடைத்துத் துடைத்து அங்கே முடி திரிதிரியாக ஒட்டியிருக்கலாம். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தால், மேல்தாடைப் பல்வேர் கண்ணீர்க் குழாயை அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இதில் தாமதம் ஆகாது. முயல் 12 மணி நேரம் ஒன்றும் தின்னாவிட்டாலே குடல் ஓட்டம் நிற்கத் தொடங்கும். புழுக்கை சிறுத்தாலோ நின்றுபோனாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போவதானாலும் 'முயலுக்கு மயக்கம் கொடுத்துப் பல் ராவுவீர்களா?' என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கிற இடங்களில் அந்தக் கருவி இல்லாமல் போகலாம். மயக்கத்துக்காக முயலைப் பட்டினி போடக் கூடாது. அதற்கு வாந்தி வராது, வெறும் வயிறுதான் ஆபத்து.

அதுவரை குச்சித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஆறியதும் ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். வயிறு உப்பிக் கல் மாதிரி இருந்தால் ஊட்டவே வேண்டாம். வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். அமாக்சிசிலினை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் செத்து முயலே போய்விடும்.

அப்புறம் தீவனம். கேரட்டும் பிரெட்டும் பல்லைத் தேய்க்காது. நார்ப்புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி அரைக்கும்போதுதான் பல் தேயும். அதனால் தின்பதில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்கட்டும். டிமோத்தி உலர்புல் கிடைத்தால் நல்லது. கட்டுபடியாகவில்லையா, மாட்டுத் தீவனம் விற்கிறவர்களிடம் கினியா புல் வாங்கி மாடியில் காயவைத்துக் கொள்ளுங்கள். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் கொடுக்காதீர்கள். குச்சித் தீவனம் கிலோ எடைக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம், பிரெட் அறவே வேண்டாம். ராவிய மறுநாளே புல்லைத் தின்னாது, வலி இருக்கும். மருத்துவர் தரும் வலி மருந்தை நிறுத்தாமல் கொடுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மனம் தளர வேண்டாம். முன்பல் கோணல் பிறவியிலேயே வந்ததானால் புல் மட்டும் அதைச் சரிசெய்யாது. மூன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ராவ வேண்டிவரும். அது கஷ்டமானால் முன்பற்களையே எடுத்துவிடலாம். நறுக்கிக் கொடுத்த புல்லை உதட்டாலும் நாக்காலும் கவ்வி நன்றாகத் தின்று வாழும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள், பல் தொல்லை திரும்புவது முதலில் அங்கேதான் தெரியும். இதைக் குட்டி எடுக்க மட்டும் விடாதீர்கள், அந்தக் கோணல் குட்டிகளுக்கும் இறங்கும்.